குமிழி நின்றால் யார் பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

டாக்கா மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஸ்தி, ஷாம்பு பாட்டிலை வைத்து நிமோனியா குழந்தைகளைக் காப்பாற்றியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. இவ்வளவு மலிவான கருவி இருந்தும் ஏழை நாடுகளின் எல்லா மருத்துவமனைகளுக்கும் அது ஏன் போகவில்லை? வென்டிலேட்டர் நிறுவனங்கள் தடுக்கின்றனவா? இறுதியாண்டு புராஜெக்டாக இதையே இன்னும் மலிவாகச் செய்ய நினைக்கிறோம்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள மாணவிக்கு,

அன்று நான் பாதிக் கதையைத்தான் சொன்னேன். அது என் தவறு. மீதியை இப்போது சொல்கிறேன்.

குழந்தை வெளிவிடும் மூச்சு போகும் குழாயின் நுனியைப் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் அமிழ்த்துகிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ, அத்தனை அழுத்தத்தை எதிர்த்துத்தான் மூச்சு குமிழிகளாக வெளியேற வேண்டும். அந்த எதிர்ப்பு, நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரித்துவைக்கிறது. 2011 முதல் 2013 வரை டாக்காவில் 225 குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். அவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன். வழக்கமான குறைந்த வேக ஆக்சிஜன் பெற்ற 67 பேரில் 10 பேர் இறந்தார்கள். குமிழி முறையில் 79 பேரில் 3 பேர்தான். முடிவு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படித்தபோது உங்களைப் போலவே நானும் துள்ளிக் குதித்தேன்.

அப்புறம் ஆப்பிரிக்க நாடான மலாவியிலிருந்து ஒரு முடிவு வந்தது. சலீமா மாவட்ட மருத்துவமனையில், நிமோனியாவோடு எச்.ஐ.வி. பாதிப்போ, கடும் ஊட்டச்சத்துக் குறைவோ, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவோ இருந்த 644 குழந்தைகள். ஆக்சிஜன் மட்டும் பெற்ற 323 பேரில் 35 பேர் இறந்தார்கள். குமிழிக் கருவி பொருத்திய 321 பேரில் 53 பேர். தத்துவம் அதேதான், ஆனால் இறப்பு கூடிவிட்டது. 2019இல் வெளியான இந்த எண்களை நம்ப மனமில்லாமல் இரண்டு முறை படித்தேன்.

சலீமா குழந்தைகள் ஏற்கெனவே மிகவும் நலிந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அங்கே ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களும் அதே நிலையில்தான் இருந்தார்கள். டாக்காவில் மருத்துவர்கள் அருகிலேயே இருந்தார்கள், நிலைமை மோசமானால் வென்டிலேட்டரும் இருந்தது. சலீமாவின் பொது வார்டில் மருத்துவரின் அன்றாட மேற்பார்வை கிடையாது, வென்டிலேட்டரும் கிடையாது. இந்தக் கருவி கவனிப்பைக் கேட்கும் கருவி. மூக்குக் குழாய் நழுவினால் அழுத்தம் போய்விடும். சளி அடைத்துக்கொள்ளும். காற்று வயிற்றுக்குள் போய் உப்பும். அந்த நேரத்தில் பால் கொடுத்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கலாம். பாட்டிலில் குமிழி நின்றுவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஆனால் அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே!

பின்னர் எத்தியோப்பியாவின் மாவட்ட மருத்துவமனைகளில், மருத்துவர்களின் மேற்பார்வையோடு செய்தபோது பலன் மறுபடியும் தெரிந்தது. அதனால் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். அதை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பினால் போதும் என்ற எண்ணத்தைத்தான் குறை சொல்கிறேன். நிறுவனங்கள் தடுத்துதான் இது நின்றது என்றும் எனக்குத் தோன்றவில்லை. கருவியின் விலையைக் கணக்கிடும்போது செவிலியரின் சம்பளத்தையும் பயிற்சியையும் நாம் சேர்ப்பதே இல்லை.

சரி, உங்கள் புராஜெக்ட். பாட்டிலை இன்னும் மலிவாக்க வேண்டாம், அது ஏற்கெனவே மலிவுதான். அனுமதி வாங்கிக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் இரண்டு மூன்று இரவுகள் உட்காருங்கள். ஒரு செவிலியருக்கு எத்தனை குழந்தைகள், மூக்குக் குழாய் எத்தனை முறை நழுவுகிறது, அதை முதலில் கவனிப்பது அம்மாவா செவிலியரா என்று குறித்துக்கொள்ளுங்கள். குமிழிச் சத்தம் நின்றதும் வார்டின் மறுகோடியில் இருக்கும் செவிலியரின் மேசையில் மணி அடிக்கும்படி ஒன்றைச் செய்ய முடியுமா? மின்சாரம் போனாலும் அது அடிக்க வேண்டும். முடியும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.