தமிழ் வழியில் படித்தவர் அலுவலக ஆங்கிலம் எழுதப் பழகுவது எப்படி?

கேள்வி: பள்ளி முழுக்கத் தமிழ் வழி. இப்போது ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்துவிடுகிறேன். மெயில் எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது?

தடிமனான இலக்கணப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்காதீர்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. புதிதாகச் சேருகிறவர்களின் மெயில்களைத் திருத்தித் தருவதும் என் வேலையில் ஒன்று. நன்றாகத் துணி தெரிந்த, கணக்குத் தெரிந்த பிள்ளைகள் மெயிலுக்குப் பயந்து பின்வாங்குவதைப் பார்த்தால் மனசு கேட்காது. அவர்கள் செய்யும் பிழைகள் நாலைந்து இடங்களில்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ் ஒரு வழியிலும் ஆங்கிலம் வேறு வழியிலும் போகிற இடங்கள் அவை. அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் காலம். 'நேற்றே மெயில் அனுப்பியிருக்கிறேன்' என்பது தமிழில் சரி. அதையே 'ஐ ஹேவ் சென்ட் தி மெயில் யெஸ்டர்டே' என்று எழுதினால் ஆங்கிலத்தில் பிழை. நேற்று, போன வாரம், 2023இல் என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ சென்ட்' போதும். எப்போது என்று சொல்லாமல், அனுப்பியாயிற்று என்று மட்டும் தெரிவிக்கும்போது 'ஐ ஹேவ் சென்ட்'.

அடுத்து 'தி'. தமிழில் இதற்குத் தனிச் சொல் கிடையாது, ஆனால் அந்த வேறுபாடு நமக்குத் தெரியும். 'சாம்பிள் அனுப்புங்கள்' என்றால் ஏதாவது ஒரு சாம்பிள். 'சாம்பிளை அனுப்புங்கள்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிய அந்த சாம்பிள். இப்படி 'ஐ' உருபு ஒட்டிக்கொள்கிற இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'தி' வரும். எல்லா இடத்துக்கும் இது உதவாது: மனிதர்களைச் சொல்லும்போது 'ஐ' எப்படியும் வந்துவிடும், எழுவாய்க்கு உருபே இல்லை. இருந்தாலும் சந்தேகம் வந்தால் மனதுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். குழப்பம் பாதி தீரும்.

'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்' மாதிரி தேவையில்லாத ஒட்டுகளுக்கு விதி தேட வேண்டாம். ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வதுதான் வழி.

இலக்கணத்தைவிடப் பெரிய விஷயம் வரிசை. பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த லீவ் லெட்டர் 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று காரணத்தில்தான் தொடங்கும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், காரணங்களை அடுக்கிவிட்டு விஷயத்துக்கு வருவது நமக்கு இயல்பு. அதில் ஒரு பணிவும் இருக்கிறது. வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, எழுதும் மெயிலில் இதைத் தலைகீழாக்க வேண்டும்.

ஒரு தங்கை எழுதிய மெயிலைச் சொல்கிறேன். சாயப்பட்டறையில் ஷேட் (நிறத்தின் சாயல்) பொருந்தவில்லை, அதனால் மறுபடி சாயம் போட வேண்டியிருந்தது, துணி தாமதமாக வந்ததால் கட்டிங் தள்ளிப்போனது, ஆகவே ஷிப்மென்ட் தேதியை 5 நாள் நீட்டித்துத் தர வேண்டும். இவ்வளவும் ஒரே வாக்கியம்; நடுவில் வரிசையாக 'அஸ்', 'டியூ டு', 'ஸோ'. பையருக்கு வேண்டிய செய்தி கடைசியில் கிடந்தது. இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். முதல் வரி: ஷிப்மென்ட் 12ஆம் தேதிக்குப் பதில் 17ஆம் தேதி புறப்படும். இரண்டாவது: ஷேட் பொருந்தாததால் துணிக்கு மறுபடி சாயம் போட்டோம். மூன்றாவது: இப்போது வேலை எந்த நிலையில் இருக்கிறது. நான்காவது: புதிய தேதிக்கு எப்போதைக்குள் ஒப்புதல் வேண்டும். நீள வாக்கியத்தை உடைத்ததுமே பெரும்பாலான பிழைகள் காணாமல் போய்விட்டன. வாக்கியத்தை ஒட்டுப்போடும் இடத்தில்தான் அவை இருந்தன.

பயிற்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம். அன்றைக்கு அனுப்பிய மெயில்களில் ஒன்றை எடுத்து, மாலையில் இந்த வரிசையில் திரும்ப எழுதுங்கள். பையரிடமிருந்து வரும் மெயில்களையும் நிதானமாகப் படியுங்கள். முகம் கோணாமல் மறுப்பது எப்படி, நினைவூட்டுவது எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஏஐ கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் முதலில் நீங்கள் எழுதிவிட்டு, அது எதை ஏன் மாற்றியது என்று கேளுங்கள். மொத்தத்தையும் அதனிடமே விட்டால் கை பழகாது.

அப்புறம், மரியாதை என்று நினைத்து 'டூ தி நீட்ஃபுல்', 'ஐ பெக் டு ஸ்டேட்' எல்லாம் சேர்க்காதீர்கள். அவை நம் ஊர் அலுவலகங்களில் தங்கிப்போன பழைய ஆங்கிலம். முதலாவதைப் படிக்கிற வெளிநாட்டுக்காரருக்கு நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்றே பல நேரம் புரியாது. 'ப்ளீஸ் கன்ஃபர்ம் தி நியூ டேட் பை ஃப்ரைடே' என்று எழுதுங்கள், அதிலேயே மரியாதை இருக்கிறது.