மணல் வீச்சுக்கு முன் எண்ணெய் நீக்கம்

கேள்வி: பழைய வேட்டைத் துப்பாக்கியின் இரும்புப் பாகங்களுக்குப் புதுப் பூச்சு அடிக்கப் போகிறேன். கண்ணாடி மணியை (நுண்ணிய கண்ணாடி உருண்டைகளை) காற்றழுத்தத்தில் வீசிச் சுத்தம் செய்தால் போதுமா?

பதில்: போதாது. கண்ணாடி மணி பளபளப்பாக்கும். பூச்சு பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். வீசுவதற்கு 100 அல்லது 120 எண் (துகளின் பருமனைக் குறிக்கும் எண்) அலுமினியம் ஆக்சைடு துகள் எடுங்கள். ஆற்று மணல் வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும்.

அதற்கும் முன்னால் அசிட்டோனில் ஊறவைத்து எண்ணெயை எடுங்கள். நான் முதல்முறை இதைத் தாண்டிப்போனேன். திருகுத் துளையில் ஒளிந்திருந்த எண்ணெய், பூச்சை இறுக்க அடுப்பில் சூடாக்கியதும் கசிந்து பூச்சையே கொப்புளமாக்கியது. குழாயின் உட்புறம், தோட்டா அறை, திருகு மரைகள் எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். துகள் வீசி முடித்த அப்புறம் வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் பட்ட இடத்தில் துரு வந்துவிடும். அன்றைக்கே பூச்சு அடியுங்கள்.