வெறும் சுவரா?

கேள்வி: இத்தாலி சுற்றுலாவில் பாம்பேய்க்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறோம். இடிந்துபோன வெறும் சுவர்களைப் பார்க்க அது போதாதா? அதற்கும் வெயிலில் அலைய வேண்டுமா என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அரை நாள் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன். ‘வெறும் சுவர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட முடியாது.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய அந்த ஊரில் சுவர்தான் நாளிதழ். நகராட்சிப் பதவிகளுக்கு ஆண்டுதோறும் தேர்தல். வெள்ளையடித்த இடத்தில் சிவப்பிலோ கறுப்பிலோ வேட்பாளர் பெயர், பதவி, ஆதரிப்பவர் யார் என்று எழுதுவார்கள். இப்படி 2,500க்கும் மேற்பட்ட தேர்தல் சுவரெழுத்துகள் கிடைத்திருக்கின்றன. நம் ஆட்கள் ‘உங்கள் பொன்னான வாக்குகளை’ என்று தொடங்கி வளர்க்கும் வேண்டுகோளை அவர்கள் ‘இவரைத் தேர்ந்தெடுக்க உங்களை வேண்டுகிறேன்’ என்பதன் சுருக்கமான ஓ, வி, எஃப் என்ற மூன்றே லத்தீன் எழுத்தில் முடித்துவிட்டார்கள்.

வாட்டியா என்று ஒரு வேட்பாளர். ஏடில் பதவிக்கு நின்றார். சந்தை, தெரு, ஊர் ஒழுங்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிற பதவி அது. மற்ற வேட்பாளர்களைப் பழ வியாபாரிகள் ஆதரித்தார்கள், பொற்கொல்லர்கள் ஆதரித்தார்கள். வாட்டியாவை யார் ஆதரிக்கிறார்கள் என்று சுவர் சொல்கிறது தெரியுமா? ஒன்றில் ‘சில்லறைத் திருடர்கள்’. இன்னொன்றில் ‘ராத்திரி நேரங்கழித்துக் குடிப்பவர்கள் எல்லோரும்’. மூன்றாவதில் ‘தூங்குகிறவர்கள்’. ஊரைக் காவல் காக்க வேண்டியவருக்குத் திருடன், குடிகாரன், தூங்குமூஞ்சி மூவரும் ஓட்டுக் கேட்டால் அவர் ஜெயித்த பிறகு ஊர் என்ன ஆகும்? எதிர்க்கட்சிக்காரர் செய்த வேலை என்கிறார்கள் சிலர். நண்பர்களின் குறும்பு என்கிறார்கள் சிலர். நான் எதிர்க்கட்சியின் பக்கம். மூன்று சுவரில் மூன்று விதமாக எழுதப் பகைக்குத்தான் பொறுமை இருக்கும்.

வாக்குரிமை இல்லாத பெண்களும் இந்தச் சுவர்களில் ஆதரவு கேட்டிருக்கிறார்கள். வியா டெல்லபொந்தான்சா தெருவில் அசெல்லினா என்பவரின் மதுக்கடைச் சுவரைப் பாருங்கள். வேறொரு சுவரில் எமிலியஸ் கெலர் என்ற சுவரெழுத்தாளர், ‘நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினேன்’ என்று கையெழுத்திட்டிருக்கிறார். இன்னொரு சுவரில், ‘பொறாமைக்காரா, இதை அழித்தால் நோயில் விழு’ என்று சாபமும் விட்டிருக்கிறார்.

நீங்கள் சொன்ன ‘இடிந்த’ என்ற சொல்லுக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் அப்போதே பதில் எழுதிவிட்டார். வழக்கு மன்றமாக இருந்த பசிலிக்காவிலும் அரங்கச் சுவர்களிலும் கீறப்பட்ட ஈரடி அது: ‘சுவரே, இத்தனை பேர் எழுதிய அலுப்பையும் தாங்கிக்கொண்டு நீ இன்னும் இடிந்து விழாமல் நிற்கிறாயே, அதிசயம்தான்!’

எரிமலை வெடித்த தேதியைப் பற்றிய வழக்கிலும் சுவர்தான் சாட்சி. ஏடுகள் ஆகஸ்ட் 24 என்றன. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17 என்ற தேதியுடன் கரியால் எழுதிய வரி கிடைத்தது. ஆண்டு இல்லை. ஆனால் கரி எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும் என்று கருதியதால், வெடித்தது இலையுதிர் காலத்தில் என்ற கட்சிக்கு வலு கூடியது.

இடிந்ததில் ஒரு பங்கு மனிதர் கணக்கு. 1943இல் நேசநாடுகளின் குண்டுகள் அங்கே விழுந்தன. 2010 நவம்பரில் ‘ஸ்கோலா ஆர்மதுராரும்’ என்ற கட்டடம் சரிந்தது. தோண்டி எடுத்த சுவர் வெயிலிலும் மழையிலும் தேய்கிறது. சிவப்பெழுத்துகள் பல மறைந்து, படியெடுத்த ஓவியங்களில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஊரில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள். அது அங்கேயே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

இங்கே ஒரு வாசகர் கேட்கக்கூடும்: அன்று கீறியவன் செய்தது வரலாறு, இன்று என் பெயரைக் கீறினால் மட்டும் குற்றமா? ஆமாம், குற்றம். அவன் தன் ஊர்ச் சுவரில், நாளைக்கு வெள்ளையடிக்கப் போகிற சுவரில் எழுதினான். நீங்கள் எழுதுவது மறுபடி கிடைக்காத ஒரே பிரதியின்மேல். 2024 முதல் இத்தாலியில் இதற்கு அபராதம் 10,000 யூரோவில் தொடங்குகிறது. நம்மூர்க் குகைகளிலும் கோயில் தூண்களிலும் ஆணியால் காதலை அறிவிக்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் இங்கே வராதா என்று நான் ஏங்குகிறேன்.

சரி, அரை நாள். பாம்பேய்க்குப் போதாது, குறைந்தது ஐந்து மணி நேரம் வேண்டும். அரை நாள்தான் என்றால், அதே எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் போங்கள். ஊர் சிறியது. அங்கே மரக் கட்டிலும் மரத் தடுப்பும் கரியாகி அப்படியே நிற்கின்றன; மாடி வீடுகளும் உண்டு. நேப்பிள்ஸிலிருந்து சிர்கும்வெசுவியானா ரயிலில் எர்கொலானோ ஸ்காவி நிலையம். அங்கிருந்து கடல் நோக்கி இறங்கும் தெருவில் நேரே பத்து நிமிட நடை.

பாம்பேய்தான் என்றால் சொரென்டோ போகும் வண்டியில் ஏறி, பொம்பேய் ஸ்காவி நிலையத்தில் இறங்குங்கள். ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. சீட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 30 × 30 × 15 செ.மீ.க்குப் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். குறுகிய அறையில் முதுகுப்பை உரசினால் சாந்து உதிரும் என்பதை நினைத்தால் அந்த விதியின் அருமை புரியும். நிழல் குறைவு, தெருக்கல் மேடுபள்ளம், அதனால் செருப்பு வேண்டாம், ஷூ. காலை ஒன்பதுக்கே போனால் வெயிலுக்குத் தப்புவது மட்டுமல்ல, இன்னொரு லாபமும் உண்டு: சாய்ந்த வெளிச்சத்தில்தான் ஆணிக் கீறல் கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் உங்கள் கணவர் பார்த்தால் வெறும் சுவராகத்தான் தெரியும்.

சுவரிலிருந்து எடுத்த ஓவியங்களும் வீடுகளில் கிடைத்த பொருள்களும் பெரும்பாலும் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையும் அங்கேதான். அதை ‘லட்சுமி’ என்று எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்கு நெடுநாள் வழக்கு. அடியில் இருப்பது வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்துமுறையான கரோஷ்டி எழுத்து; ஜாடையில் நெருங்கிய உருவம் கிடைத்தது மகாராஷ்டிரத்தின் போகர்தனில்; உச்சியில் துளை இருப்பதால் ஏதோ ஒரு பொருளின் கைப்பிடியாகவோ காலாகவோ இருந்திருக்கலாம். யட்சி என்பதே பொருந்தும்.

அதற்கும் ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், மூடியிருக்கும்.