சுற்றிப் பார்க்கச் சென்ற பெருநகரத்தில் நாள் முழுவதும் மழை பெய்தால் அந்த நாளை எப்படிக் கழிக்கலாம்?

எனக்கு நன்கு பழக்கமான பெருநகரம் சென்னை என்பதால், அதை வைத்தே பதில் சொல்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருபவர்கள், கடற்கரையையும் மாமல்லபுரத்தையும் ஏதாவது ஒரு நாளில் கைவிடத்தான் வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் நான்கு இடங்களுக்கு ஆட்டோவில் நனைந்துகொண்டே அலைவதைவிட, கூரையுள்ள ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு மாலை வரை அங்கேயே இருந்துவிடுவது நல்லது. என்னைக் கேட்டால், அந்த இடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். (வணிக வளாகங்களைச் சொல்ல மாட்டேன், மழை நாளில் ஊரில் பாதிப்பேர் அங்குதான் இருப்பார்கள்.)

1851இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்துக்கு வெயில் நாளில் வருபவர்கள், அடுத்து மெரினாவுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் செப்புத் திருமேனிக் கூடத்தைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். மழை அந்த அவசரத்தை இல்லாமல் செய்துவிடுகிறது. திருவெண்காட்டிலிருந்து வந்த சோழர் கால அர்த்தநாரீசுவரர் முன் நின்று முதலில் கைகளை எண்ணிப் பாருங்கள்: சிவனின் பக்கம் இரண்டு, உமையின் பக்கம் ஒன்று, ஆக மூன்று. வலப்பக்க ஆடை தொடையோடு நின்றுவிட, இடப்பக்க ஆடை கணுக்கால் நோக்கி இறங்குவதும், இரு பாதிகளும் எங்கே சந்திக்கின்றன என்று சுட்ட முடியாதபடி உடல் ஒரே ஓட்டமாக வளைந்து நிற்பதும் சற்று நேரம் நின்று பார்த்தால்தான் பிடிபடும். தேன்மெழுகோடு குங்கிலியம் என்ற மரப்பிசினைச் சேர்த்து உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, பிறகு அந்த மண் அச்சை உடைத்தே இத்தகைய சிலைகளை எடுத்தார்கள். ஒவ்வொரு சிலைக்கும் அச்சு புதிதாகவே அமைவதால், ஒன்றைப் போல இன்னொன்று அப்படியே வராது.

ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களில், மதம் கொண்டு வரும் நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். ஓடிவரும் யானையும் அடங்கி மண்டியிடும் யானையும் அந்த ஒரே வட்டத்துக்குள் இருக்கின்றன. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, தாமிரபரணிக் கரையில் உள்ள பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பொருள்களும் இங்கே சேர்ந்தவைதான். குழந்தைகள் உடன் வந்தால், விலங்கியல் பிரிவின் திமிங்கல எலும்புக்கூடு அவர்களைப் பார்த்துக்கொள்ளும்.

வளாகத்தில் கட்டடங்கள் தனித்தனியே இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் குடை அவசியம். எழும்பூர் வரை மெட்ரோவில் வந்துவிட்டால் சாலையில் தேங்கும் நீரைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்றுதான் மழை என்றால், 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் செல்லலாம். நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிப்பதற்கென்றே அங்கே ஒரு பகுதி உண்டு. ஆனால் வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால், இவை எதற்கும் கிளம்பாமல் தங்கியிருக்கும் அறையிலேயே இருந்துவிடுங்கள்.