போகும்போது எட்டு மணி, வரும்போது ஏழு

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர் என்று படித்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஆறேகால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பயணச்சீட்டிலோ போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்ப ஏழு மணி நேரம் என்று இருக்கிறது. பூமியின் சுழற்சிதான் காரணமா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், விமானம் வானில் இருக்கும்போது இறங்க வேண்டிய நகரம் அதை நோக்கி நகர்ந்து வருவதோ விலகிப் போவதோ இல்லை. வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் வலிய காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. அதன் வேகம் 100 கிலோமீட்டர் என்று கொண்டால், நியூயார்க்கிலிருந்து வரும் விமானம் தரையைப் பொறுத்து 1,000 கிலோமீட்டர் வேகத்தில் 5 மணி 33 நிமிடங்களில் வந்துவிடும். எதிர்காற்றில் போகும் விமானமோ 800 கிலோமீட்டர் வேகத்தில் 6 மணி 56 நிமிடங்கள் பறக்க வேண்டும். வரும்போது கிடைத்த லாபம் போகும்போது ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்டிவிடும் என்றும் எண்ண வேண்டாம். காற்றே இல்லாவிட்டால் இரு வழிக்கும் சேர்த்து 12 மணி 20 நிமிடங்கள். காற்று இருந்தால் 12 மணி 29 நிமிடங்கள். எதிர்காற்றில் கூடுதல் நேரம் பறக்க வேண்டியிருப்பதால் வரும் வினை அது.

2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடங்களில் வந்து சேர்ந்தது. அதன் தரைவேகம் 1,300 கிலோமீட்டரைத் தொட்டாலும் ஒலியின் வேகத்தை அது மிஞ்சவில்லை. தன்னைச் சூழ்ந்திருந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

இனி மிச்சமுள்ள ஒன்று, ஒன்றரை மணி நேரம். பயணச்சீட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டுமன்று. புறப்படும் இடத்தில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, சேருமிடத்தில் வந்து நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, மெல்ல ஏறி இறங்குவது, தாமதத்துக்காக விமான நிறுவனம் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் சில நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: இரு நகரங்களுக்கு இடையிலான தூரம் மாறாதபோது, பயண நேரம் மட்டும் திடீரென்று மணிக்கணக்கில் கூடுவது உண்டா?

பதில்: உண்டு. பட்டியல்களில் காணப்படும் தூரம், உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். அந்தக் கோட்டிலேயே பறக்க வழி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். முன்பு சைபீரியாவின் மேலாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு மூடிவிட்டதால், பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் வட துருவத்தையொட்டியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாக நீண்டுவிட்டது.