செட்டிநாட்டு வீட்டில் வளவு எதற்காக? அது குடும்பங்களின் வாழ்வை எப்படி வடிவமைத்தது?

வளவு என்பது செட்டிநாட்டு வீட்டின் நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றமும், அதைச் சுற்றியுள்ள தாழ்வாரமும் அறைகளும் சேர்ந்த பகுதி.

அதன் முதற் காரணம் மண். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள இந்த வறண்ட நிலத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஆகவே நாற்புறத்து ஓட்டுச் சரிவுகளும் முற்றத்தை நோக்கித் தாழ்ந்து, மழைநீரை அண்டாக்களில் இறக்குகின்றன. மிஞ்சும் நீர் வடிகால் வழியே தெருவுக்கும் ஊரணிக்கும் செல்கிறது.

இரண்டாவது காரணம் உறவுமுறை. இவ்வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தாரிடையே திருமணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுபவர். அவருக்கு வளவில் ஓர் அறை, தனிச் சமையல். ஆனால் முன்னோரை வழிபடும் படைப்பும் திருமணமும் பொது முற்றத்தில்தான். ரயில் பெட்டியில் இருக்கை அவரவருக்கு, நடைவழி எல்லோருக்கும் என்பது போன்ற ஏற்பாடு இது. ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் ஆண்டுக்கணக்கில் தொழில் செய்தபோது, வீட்டிலிருந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த அமைப்பே துணையாக நின்றது என்பதை நாம் போதிய அளவு போற்றவில்லை.

இன்று தலைமுறைதோறும் பங்குகள் பெருகியதால், ஓடு மாற்றுவதற்கும் பங்காளிகள் அனைவரின் இசைவு வேண்டியிருக்கிறது. அது கிட்டாத வீடுகள் சில இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போவது பெரும் வேதனை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ளன.

பர்மாத் தேக்கையும் சலவைக்கல்லையும் பார்த்து, ஒரு செல்வந்தரின் தனி மாளிகை என்று பலர் எண்ணுவது சரியன்று. இவை பெரும்பாலும் பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீடுகள்.