73 சதவீதத்தில் படுத்துக்கொள்ளும் வீடியோ

(கணினி கேள்வி-பதில். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டரில் எக்ஸ்போர்ட் (வெட்டி ஒட்டியதை முழு வீடியோ ஃபைலாக எழுதும் வேலை) பாதியில் நிற்பது பற்றியவை. மெனு பெயர்கள் அந்த மென்பொருளுக்கானவை.)

கேள்வி: மகளின் காதுகுத்து வீடியோ, 40 நிமிடம். எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் 73 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு தடவை மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டும் அதே கதைதான். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மூன்றாவது தடவை போடாதீர்கள். எப்போதும் ஒரே சதவீதத்தில் நிற்கிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. 40 நிமிடத்தில் 73 சதவீதம் என்றால் 29 நிமிடம் 12 விநாடி. ஒரு சதவீதத்துக்கு 24 விநாடி. டைம்லைனில் 29 முதல் 30 நிமிடம் வரை என்ன வைத்திருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள்.

அங்கே போட்டோக்களை வரிசையாக அடுக்கியிருந்தால் முதல் சந்தேகம் அவற்றின் மேல்தான். இன்றைய போன்களின் 48 மெகாபிக்சல் படம் 8000 × 6000 புள்ளி. டிஸ்க்கில் 10 எம்பி என்று அடக்கமாக இருக்கும்; திறந்தால் ரேமில் 190 எம்பிக்கு மேல் பிடிக்கும். ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு ஃப்ரேமுக்கு 8 எம்பிதான். இருபது படங்களை, ஒன்று கரைந்து இன்னொன்று வருகிற மாதிரி போட்டால் 8 ஜிபி மூச்சுத் திணறும். படங்களை 1920 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, பழைய பெயரிலேயே வேறு ஃபோல்டரில் வைத்து மாற்றிப் போடுங்கள். ஜூம் செய்கிற படம் மட்டும் 3840 இருக்கட்டும். எக்ஸ்போர்ட்டில் அட்வான்ஸ்டு, வீடியோ பகுதியில் உள்ள 'பேரலல் ப்ராசஸிங்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். ரேம் செலவு குறையும்.

அங்கே இருப்பது வீடியோ கிளிப் என்றால் அதைத் தேர்ந்தெடுத்து, புராப்பர்டீஸில் 'கன்வர்ட்' கொடுங்கள். மூன்று தரங்களில் முதலாவதான 'குட்' போதும். ஃபைல் அளவில் பெரிதாகும், பயப்பட வேண்டாம். மாற்றிய கிளிப் பழையதன் இடத்தில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும், வெட்டியதெல்லாம் வீணாகாது.

குற்றவாளி யார் என்று உறுதி செய்ய முழு 40 நிமிடத்தையும் ஓட்ட வேண்டியதில்லை. 'சேவ் ஆஸ்' கொடுத்து ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நகல் எடுங்கள். அந்த நகலில் 29 முதல் 30 நிமிடம் தவிர மற்றதை அழித்துவிட்டு, அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதிலும் விழுந்தால் ஒவ்வொரு ஃபில்டராக அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு நாள் 20 சதவீதம், ஒரு நாள் 60. சில சமயம் தொடங்கிய உடனேயே 'ஃபெயில்டு' என்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இடம் மாறி மாறி நின்றால் கிளிப்பைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்போர்ட் பேனலில் 'யூஸ் ஹார்டுவேர் என்கோடர்' டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். வேலையை கிராபிக்ஸ் சிப்பிடமிருந்து பிராசஸர் வாங்கிக்கொள்ளும். நேரம் கூடும், ஆனால் வேலை முடியும்; அதே ஃபைல் அளவுக்குத் தரமும் பெரும்பாலும் சற்றுக் கூடவே இருக்கும். தொடங்கியதுமே விழுவதற்குப் பழைய கிராபிக்ஸ் டிரைவர் ஒரு வழக்கமான காரணம். ஜாப்ஸ் பேனலில் விழுந்த வேலையின் மேல் ரைட் கிளிக் செய்து 'வியூ லாக்' பாருங்கள். கடைசிப் பத்து வரிகளில் 'என்வென்க்' (nvenc) அல்லது 'க்யூஎஸ்வி' (qsv) என்று கிராபிக்ஸ் சிப் என்கோடரின் பெயர் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம், டிரைவரைப் புதுப்பியுங்கள். டிக்கை எடுத்த பிறகும் இடம் மாறி நின்றால் சூடு, ரேம் இரண்டையும் பாருங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: 1 மணி 25 நிமிட அரங்கேற்ற வீடியோவை நேராக பென்டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்கிறேன். முடிகிற நேரத்தில் நின்றுவிடுகிறது. பென்டிரைவ் 32 ஜிபி, காலியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பென்டிரைவ் 'ஃபேட்32' என்ற பழைய ஃபார்மட் முறையில் இருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் சரி. விநாடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் எக்ஸ்போர்ட் செய்தால் 70 நிமிடத்தில் அந்த வரம்பு வந்துவிடும். முதலில் ஹார்டு டிஸ்க்கில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், பிறகு காப்பி செய்யலாம். பென்டிரைவை 'எக்ஸ்ஃபேட்' ஆக ஃபார்மட் செய்தால் தடை நீங்கும் (உள்ளே இருப்பது அழியும், ஜாக்கிரதை). உங்கள் டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காவிட்டால், கோடெக் பகுதியில் 'ஆவரேஜ் பிட்ரேட்' தேர்ந்தெடுத்து 6 மெகாபிட் கொடுங்கள். ஒலியையும் சேர்த்து ஏறக்குறைய 3.95 ஜிபியில் முடியும்.

கேள்வி: வீடியோஸ் ஃபோல்டரில் சேமித்தால் எக்ஸ்போர்ட் விழுகிறது, டி டிரைவில் சேமித்தால் விழவில்லை. ஏன்?
– வாசகி, ஈரோடு

பதில்: விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆன் ஆகியிருக்கும். வீடியோஸ் போன்ற ஃபோல்டர்களில் அனுமதி இல்லாத புரோகிராம்கள் எழுதுவதை அது தடுக்கும். ஷாட்கட்டை அனுமதித்தால் மட்டும் போதாது: எக்ஸ்போர்ட் வேலையைச் செய்வது அதே ஃபோல்டரில் உள்ள 'மெல்ட்' என்ற தனி புரோகிராம். அதையும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். இல்லையென்றால் டி டிரைவிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: 90 சதவீதத்தில் கரன்ட் போய்விட்டது. 2 ஜிபி எம்பி4 ஃபைல் இருக்கிறது, ஆனால் எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை.
– வாசகர், விருதுநகர்

பதில்: எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எம்பி4 கடைசியில்தான் எழுதும். அது எழுதப்படாத ஃபைலை எந்தப் பிளேயரும் படிக்காது. ப்ராஜெக்ட் பத்திரமாக இருப்பதால் அந்த ஃபைலோடு மல்லுக்கட்டாமல் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கரன்ட் நம்ப முடியாத ஊர் என்றால் இம்முறை ஃபார்மட்டில் 'மாட்ரோஸ்கா' (matroska, அதாவது எம்கேவி ஃபைல்) தேர்ந்தெடுங்கள். நடுவில் நின்றாலும் அதுவரை எழுதியது ஓடும். மிச்சப் பகுதியை அதே செட்டிங்கில் தனியாக எக்ஸ்போர்ட் செய்து, இரண்டையும் 'லாஸ்லெஸ்கட்' என்ற இலவச மென்பொருளில் ஒட்டிவிடலாம். ஒட்டும் இடம் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடமாக இருக்கட்டும். பேச்சுக்கு நடுவே வெட்டினால் ஒலி துள்ளும்.